ஓடில்லா நத்தைக்கு எதை வாங்குவது? கோலாலம்பூர் மழைக்குத் தாங்குபவையும் தாங்காதவையும்

நத்தையை விரட்ட நமக்குச் சொல்லப்படும் யோசனைகளில் பெரும்பாலானவை காய்ந்த தரையை நம்பியவை. முட்டை ஓட்டுத் தூள், சாம்பல், மணல், சுண்ணாம்பு எல்லாமே உலர்ந்திருக்கும் வரை ஏதோ கொஞ்சம் உதவும். கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் மழை இடியோடு இறங்கிவிட்டுப் போனால், மண் விடியும்வரை காய்வதில்லை. நத்தை வெளியே வருவதும் அந்த இரவில்தான். ஆகவே எதையும் வாங்கும் முன் நான் கேட்கும் முதல் கேள்வி: நாலு மணி மழைக்குப் பிறகு இது மிஞ்சுமா? இப்படிக் கேட்டாலே கடை அலமாரியில் பாதி காலியாகிவிடும்.

பினாங்கில் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தீவு நன்றாகக் காய்ந்து கிடக்கும். அந்த இரண்டு மாதங்களுக்குத் தூள் வகைகள் ஓரளவு பயன்படும். செப்டம்பர், அக்டோபர் வந்துவிட்டால் அவர்களும் நம் கட்சிதான்.

இலையைத் தின்றது நத்தைதானா?

பணம் செலவழிக்கும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். கம்பளிப்புழு தின்ற இடத்தில் கறுப்பாக, உருண்டையாக எச்சம் கிடக்கும். வெட்டுக்கிளி இலையின் ஓரத்திலிருந்து தின்றுகொண்டே போகும். நத்தை வந்துபோன இடத்தில் வெள்ளி நிறத்தில் காய்ந்த கோடு இருக்கும். இலையின் நடுவே ஒழுங்கில்லாத ஓட்டைகள் தெரியும். நாற்று என்றால் ஓட்டைகூட இருக்காது, தண்டோடு காணாமல் போயிருக்கும். சந்தேகம் தீராவிட்டால் மழை பெய்த நாளில், இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு ஒரு சுற்று வந்தால் போதும்.

நம் ஊர்த் தோட்டங்களில் முக்கியமாக மூன்று வகை அகப்படும். முதலாவது, கரும்பழுப்பு நிறத்தில் தட்டையாக, தோல்துண்டு கிடப்பதுபோல் இருக்கும் ஓடில்லா நத்தை. அதன் முதுகின் நடுவே வெளிறிய கோடு ஓடும். இரண்டாவது, முதுகில் பெயருக்கு ஒரு சின்ன ஓடு மட்டும் உள்ள பாதி நத்தை. உருவத்தில் சிறியது, ஆனால் சுவர், கம்பி, தொட்டி எதிலும் சுறுசுறுப்பாக ஏறிவிடும். மூன்றாவது, மலாயில் சிப்புட் பாபி என்று அழைக்கப்படும் பெரிய ஆப்பிரிக்க நத்தை. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இதை 1847இல் பென்சன் என்பவர் மொரிஷியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். 1900இல் அது இலங்கையில் இருந்தது. அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் மலாயாவின் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நம் பாட்டன் பூட்டன் வந்த வழியில்தான் அதுவும் வந்திருக்கிறது என்று நினைத்தால் அதன்மேல் கோபம் கொஞ்சம் குறைகிறது. கீரைப் பாத்தியைப் பார்த்ததும் திரும்ப வந்துவிடுகிறது.

முளைக்கீரை, பசலை, வெண்டை நாற்று, தக்காளி நாற்று, சாவி என்னும் கடுகுக்கீரை, துலுக்கச் சாமந்தி, ஆர்க்கிட் வேர்நுனி ஆகியவை நத்தைக்கு விருப்பமானவை. வளர்ந்த கறிவேப்பிலை, எலுமிச்சைப்புல், பாண்டான் இலை பக்கம் அது பெரும்பாலும் போவதில்லை. எனவே முழுத் தோட்டத்தையும் காப்பாற்றத் தேவையில்லை. நாற்றுகளையும் இளங்கீரையையும் காப்பாற்றினால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

மழையில் கரைந்துபோகிறவை

முட்டை ஓட்டுக்கு ஆதரவாளர்கள் அதிகம், ஏனென்றால் அது இலவசம். இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2018இல் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டது. முட்டை ஓடு, செப்பு நாடா, கூரான சரளை, பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை ஆகிய ஐந்தையும் கீரைச் செடிகளைச் சுற்றிப் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் போடாத செடிகளுக்கு என்ன சேதமோ, ஏறக்குறைய அதே சேதம்தான் இவற்றுக்கும் ஏற்பட்டது. முட்டை ஓட்டை எருக்குழியில் போடுங்கள். மண்ணுக்குச் சுண்ணாம்புச் சத்தாவது சேரும்.

சாம்பலும் சுண்ணாம்புத் தூளும் ஒரே மழையில் குழம்பாகிவிடும். சுண்ணாம்பை மறுபடி மறுபடி தூவினால் மண்ணின் புளிப்புத்தன்மை மாறிப்போகும் என்பது கூடுதல் தொல்லை. உப்பைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. நத்தையைக் கொல்லும் அளவு உப்பு மண்ணில் விழுந்தால் செடியும் கூடவே போய்விடும்.

காப்பிச் சக்கையின் கதை கொஞ்சம் சுவையானது. ஹவாயில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் காஃபீன் கரைசலைத் தெளித்து நத்தைகளைக் கொல்ல முடிகிறது என்று 2002இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அன்றிலிருந்து காப்பிச் சக்கைக்குப் பெரும் மரியாதை. அவர்கள் கொல்வதற்குப் பயன்படுத்தியது 1 முதல் 2 விழுக்காடு காஃபீன். நாம் கலக்கிக் குடிக்கும் இன்ஸ்டன்ட் காப்பியில் இருப்பது சுமார் 0.05 விழுக்காடு. வடிகட்டிய பிறகு சக்கையில் மிஞ்சுவது இன்னும் சொற்பம். கொல்லும் அளவுக்குக் கெட்டியாகத் தெளித்தால் சில செடிகளின் இலையே கருகும். காப்பிக்கடையில் கேட்டால் சக்கையைப் பை நிறையத் தருவார்கள். எருவுக்கு நல்லது, வாங்கிக்கொள்ளுங்கள். நத்தைக்காக மட்டும் சுமந்து வர வேண்டாம்.

செப்பு நாடா ஒட்டினால் நத்தைக்கு மின்சாரம் தாக்கியதுபோல் இருக்கும் என்பார்கள். புதிதாக, பளபளப்பாக இருக்கும்போது சிறிய நத்தை தயங்கக்கூடும். நம் ஊர் ஈரத்தில் செம்பு கறுத்துப்போக நாளாகாது. மூன்று சென்டிமீட்டர் அகல நாடா ஆப்பிரிக்க நத்தைக்கு ஒரு படிகூட இல்லை. தொங்கும் ஓர் இலை பக்கத்துச் சுவரைத் தொட்டாலும் போதும், நாடாவைச் சுற்றி வழி கிடைத்துவிடும். கூரைக்குக் கீழே இருக்கும் வழவழப்பான பீங்கான் தொட்டிக்கு வேண்டுமானால் ஒட்டிப் பாருங்கள்.

இன்னொன்றும் இணையத்தில் அடிக்கடி கண்ணில் படுகிறது: மண்ணில் ஊற்றும் நுண்புழு மருந்து. ஐரோப்பாவில் அது உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆனால் அந்தப் புழு குளிர்ந்த மண்ணுக்கு உரியது. கோலாலம்பூரின் சூட்டில் அதற்குப் பிழைப்பில்லை.

மாத்திரைகள்: இங்கேதான் நிதானமாக முடிவெடுக்க வேண்டும்

நர்சரியில் போய் ராச்சுன் சிப்புட் (மலாயில் நத்தை விஷம்) என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது மெட்டால்டிஹைடு என்ற நஞ்சு கலந்த மாத்திரை. விலை குறைவு. இரவு தூவினால் காலையில் நத்தைகள் கண்ணெதிரே செத்துக் கிடக்கும், அதனால் வாங்கியவருக்கும் திருப்தி. அது நத்தையின் உடலிலிருந்து சளியை அளவுக்கு மீறி வெளியேற்றி, வற்ற வைத்துக் கொல்கிறது. இதில்தான் நம் ஊருக்கான சிக்கல் இருக்கிறது. வற்றிக் கிடக்கும் நத்தைமேல் மழை பெய்தால், குறைவாகத் தின்றவை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போய்விடும். மாத்திரையும் ஊறி, பூசணம் பூத்து வீணாகும்.

அதைவிடப் பெரிய சிக்கல் நாய். இந்த மாத்திரைகள் தவிட்டு மாவில் செய்யப்படுகின்றன, ஆகவே நாய்க்கும் அவை தீனியாகவே தெரியும். தின்ற நாய்க்கு நடுக்கம், வலிப்பு, கடும் காய்ச்சல் வரும். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகாவிட்டால் இறந்துவிடக்கூடும். பறவைகளுக்கும் காட்டு விலங்குகளுக்கும் ஆபத்து என்று பிரிட்டன் 2022 மார்ச் இறுதியோடு தோட்டங்களில் இதன் பயன்பாட்டை நிறுத்திவிட்டது. இங்கே கடைகளில் கிடைக்கிறது. தவழும் குழந்தையோ, நாயோ, வாசலுக்கு வரும் தெருப்பூனையோ உள்ள வீட்டுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எப்படியும் போடுவேன் என்பவர்கள் குவியலாக வைக்காதீர்கள். அகலமான பிளாஸ்டிக் குழாய்த் துண்டைத் தரையில் கிடத்தி, அதன் நடுவில் நாலைந்து மாத்திரைகளை வைத்தால் மழையும் படாது, நாயின் வாயும் எட்டாது. நத்தைக்கோ அந்த இருட்டும் ஈரமும் பிடித்த இடம். மலேசியாவில் பூச்சிமருந்துகள் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட வேண்டும்; சீட்டில் எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். பெரிய மூட்டையைப் பிரித்து, பெயரில்லாத பிளாஸ்டிக் பையில் கட்டி விற்பதை விலை மலிவு என்று வாங்கினால், நாய் தின்றுவிட்ட இரவில் மருத்துவரிடம் என்ன மருந்து என்று சொல்லக்கூட முடியாது.

அடுத்தது இரும்பு பாஸ்பேட். தின்ற நத்தையின் குடல் கெட்டு, அது தின்பதை நிறுத்திவிடும். பிறகு ஒளிவிடத்துக்குப் போய்ச் சில நாள்களில் சாகும். காலையில் எண்ணிப் பார்க்கப் பிணங்கள் கிடைக்காது. அதனால்தான் பலர் இது வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இலையைப் பாருங்கள்; புது ஓட்டை விழாமல் இருந்தால் மருந்து வேலை செய்கிறது. வற்ற வைத்துக் கொல்லும் மருந்து இல்லை என்பதால், மழையில் நத்தை தேறிவிடும் என்ற குறையும் இதற்கு இல்லை. மெட்டால்டிஹைடைவிட விலை அதிகம், எல்லா நர்சரிகளிலும் கிடைப்பதும் இல்லை; இணையக் கடைகளில் தேட வேண்டியிருக்கும். நாய்க்கு ஆபத்து குறைவுதான், ஆனால் பொட்டலத்தையே காலி செய்தால் வயிற்றுக் கோளாறு வரும். எனவே இதையும் பூட்டித்தான் வைக்க வேண்டும். மாத்திரைதான் வேண்டும் என்றால் என் தேர்வு இதுவே.

மூன்றாவதாக, தேயிலை விதைத் தூள். நெல்வயலில் தங்க நத்தைக்குப் போடுவது, இயற்கைப் பொருள் என்ற பெயரில் வீட்டுத் தோட்டத்துக்கும் வந்துவிட்டது. அதிலுள்ள சபோனின் என்ற பொருள் மீன்களைக் கொல்லும். மீன்தொட்டியோ, வாசலில் அல்லிக் குளமோ உள்ளவர்கள் தொடவே கூடாது. மழையில் அடித்துக்கொண்டு சாக்கடைக்கும் அங்கிருந்து ஆற்றுக்கும் போகும் பொருளை இயற்கை என்று சொல்லிவிட்டால் மீன் பிழைத்துக்கொள்ளப் போவதில்லை. கோலசிலாங்கூருக்கு மின்மினி பார்க்கப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: அந்த மின்மினிகளின் புழுப்பருவத்துக்கு உணவே ஆற்றங்கரையின் சிறு நத்தைகள்தான்.

கை, இடுக்கி, சாக்கு

எந்த மழையிலும் கரையாத முறை கையால் பிடிப்பது. கேட்க அலுப்பாக இருக்கும். ஆனால் ஒரு சாதாரணத் தொடர்வீட்டின் முன்புறத்துக்கு இதை மிஞ்சியது எதுவும் இல்லை என்பதே என் கணிப்பு. மழை விட்ட இரவுகளில் மட்டும் செய்தால் போதும். காய்ந்த இரவில் அலைவது வீண். கையுறை போட்டுக்கொண்டு நீண்ட இடுக்கியால் எடுத்து, சோப்புத் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ உள்ள வாளியில் போடலாம். உப்பு வாளிக்குள் இருக்கும்வரை மண்ணுக்குக் கேடில்லை. செருப்பில்லாத காலால் நசுக்காதீர்கள். மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டில் எறிவதால் நத்தை திரும்பி வரும், பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதுதான் நின்றுபோகும்.

பகலில் ஒளிவிடத்தைத் தேடுவது இன்னும் லாபகரமானது. தொட்டியைத் தூக்கி அடியில் உள்ள ஓட்டைகளைப் பாருங்கள். கிடக்கும் பலகை, செங்கல், பழைய கம்பளம் எல்லாவற்றுக்கும் அடியில் பாருங்கள். ஆப்பிரிக்க நத்தை ஒரு தடவையில் நூறிலிருந்து நானூறு முட்டைகள்வரை மண்ணில் இடும். வெளிர்மஞ்சள் நிறம், மிளகளவு. ஒரு குவியலைத் தோண்டி எடுத்துவிட்டால் ஒரு மாத இரவு வேலை மிச்சம்.

தேடப் பொறுமை இல்லாதவர்கள் ஒளிவிடத்தை நீங்களே கட்டிக் கொடுங்கள். நனைத்த கோணிச்சாக்கைப் பாத்தியோரம் விரித்து, அடியில் பப்பாளித் தோலோ முட்டைக்கோஸின் வெளி இலையோ வையுங்கள். காலையில் சாக்கைத் திருப்பினால் இரவு விருந்துக்கு வந்தவர்கள் அங்கேயே படுத்திருப்பார்கள். மழை இந்தப் பொறியைக் கெடுப்பதில்லை, சாக்கை நனைக்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது. கோலாலம்பூருக்கென்றே செய்ததுபோன்ற முறை. கடையில் விற்க முடியாது என்பதால் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

பியர்ப் பொறி வேலை செய்யும். இழுப்பது சாராயத்தைவிட அதிலுள்ள ஈஸ்ட்டின் வாசனை. ஆனால் இந்த ஊர் பியர் விலைக்குக் கீரையைச் சந்தையிலேயே வாங்கிவிடலாம். கோதுமை மாவு, ஈஸ்ட், தண்ணீர் கலந்து புளிக்கவிட்ட ரொட்டி மாவு நத்தைகளை நன்றாக இழுக்கிறது என்று 2021இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. எங்கள் வீட்டில் மிஞ்சிப் புளித்துப்போன தோசைமாவையே கிண்ணத்தில் வைக்கிறோம். அதற்கும் கூட்டம் வருகிறது. கிண்ணத்தின் விளிம்பு மண்ணுக்குச் சற்று மேலே நிற்கட்டும், மேலே ஒரு கூரை ஓடு வைத்து, தூண்களில் நிறுத்தி மழைக்கு மறையுங்கள்.

அந்த மறைப்பு முக்கியம். மழைநீர் நிரம்பிய கிண்ணம் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். தொட்டி அடுக்கின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் நத்தை ஏறாது என்று ஒரு யோசனை உண்டு. ஏறாதுதான். ஆனால் கொசு முட்டை பொரிந்து, வளர்ந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். சுகாதார அதிகாரிகள் புழுவைக் கண்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபராதம் போடுவார்கள். நத்தைக்குப் பயந்து டெங்கிக்கு வாசல் திறக்க வேண்டாம். எந்தப் பொறியானாலும் வாரம் ஒரு முறையாவது கொட்டிக் கழுவிவிடுங்கள்.

எந்த வீட்டுக்கு எது?

அடுக்குமாடியின் பன்னிரண்டாம் மாடிப் பால்கனியில் நத்தை என்றால் அது சுவரேறி வந்திருக்காது. வாங்கிவந்த தொட்டியில், முட்டையாகவோ குஞ்சாகவோ வந்திருக்கும். அங்கே மாத்திரை வாங்குவது காசுக்குக் கேடு. சுங்கை பூலோவின் நர்சரி வரிசையில் செடி வாங்கினால், காரில் ஏற்றும் முன் தொட்டியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு வாரம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். அந்த இரண்டு வாரத்தில் வெளிவருவதைப் பொறுக்கி எடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது.

தொடர்வீட்டின் கார் நிறுத்தும் கூரைக்கு அடியில் தொட்டிகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: அங்கே ஈரத்தை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். மாலையில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தைக் காலைக்கு மாற்றுங்கள். சுவிட்சர்லாந்தில் இதை அளந்து பார்த்து 1998இல் வெளியிட்டார்கள். காலையில் நீர் பாய்ச்சிய கீரைப்பாத்தியில் நத்தைச் சேதம் வெகுவாகக் குறைந்திருந்தது. திறந்த வெளியில் இந்த யோசனைக்குப் பொருளில்லை, நாலு மணிக்கு வானமே ஊற்றிவிடும். கூரைக்கு அடியில் இது இலவச மருந்து. அதற்கு மேலும் தேவைப்பட்டால் இரும்பு பாஸ்பேட் கொஞ்சம் தூவலாம்.

செந்தூல், கோம்பாக் பக்கம் வீட்டுக்குப் பின்னால் மண்தரையும் அதையொட்டிச் சாக்கடையும் இருப்பவர்கள்தான் உண்மையில் போர்க்களத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே பொருள் போதாது. விதையை நேரே மண்ணில் தூவாமல், இடுப்பளவு உயர மேசையில் தட்டுகளில் முளைக்கவிட்டு, நாலைந்து உண்மையான இலை வந்த பிறகு நடுங்கள். நட்ட முதல் வாரம் கோணிச்சாக்குப் பொறியும் இரவுச் சுற்றும். சாக்கடையோரப் புல்லை ஒட்ட வெட்டுங்கள். மழைக்காலம் உச்சத்தில் இருந்து, சாக்கைத் திருப்பும்போதெல்லாம் கை நிறைய அகப்பட்டால் அப்போது மாத்திரை. அதுவும் குழாய்த் துண்டுக்குள், பாத்திக்கு வெளியே. கீரை இலைமேல் மாத்திரை விழவே கூடாது.

வல்லாரை வளர்ப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு, எலியின் கழிவு வழியாக நத்தைக்குள் போய் வளர்கிறது. 1935இல் சீனாவின் கான்டன் நகர எலிகளில் முதலில் விவரிக்கப்பட்ட இந்தப் புழுவின் நெருங்கிய உறவு ஒன்று 1971இல் மலேசியாவின் பெயரையே சுமந்தது. கான்டன் புழு மனித உடலுக்குள் போனால் மூளையுறையில் அழற்சி உண்டாக்கக்கூடும். வல்லாரை தரையோடு படர்கிறது, நத்தைக்குப் பிடித்த நிழல் தருகிறது, நாமோ அதைப் பச்சையாகத் துவையல் அரைக்கிறோம், மலாய்க்காரர்கள் அதை பெகாகா உலாமாக, அதாவது சோற்றோடு பச்சையாகவே தின்கிறார்கள். கட்டாகத் தண்ணீரில் முக்கி எடுப்பது போதாது. உப்புத் தண்ணீரிலும் வினிகரிலும் ஊறவைப்பதை நம்ப முடியாது. ஓடும் குழாய்நீரில் இலை இலையாக, அடிப்பக்கத்தையும் பார்த்துக் கழுவ வேண்டும். கடித்த தடமோ சளிக்கோடோ உள்ள இலையைத் தூக்கி எறிந்துவிடுங்கள். மழைக்காலத்தில் மட்டுமாவது துவையலுக்குப் பதிலாகக் கொதிக்கவைத்துக் கூட்டோ ரசமோ செய்துவிடுங்கள். நன்றாகக் கொதித்தால் புழு சாகும்.